யோகா: யூடியூப்பா, மண்டபமா, வீட்டுக்கு வரும் ரீச்சரா?

என்னை யோகாவுக்குத் துரத்தியது நாரி நோ. கச்சான் பிடுங்கியும் வயலில் களை எடுத்தும் தேய்ந்த நாரி. மூன்று வழியிலும் பழகிப் பார்த்துவிட்டேன், கிளிநொச்சிப் பக்கம் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும்.

முதலில் மகளின் போனில் யூடியூப். டேட்டாக் காசு மட்டும்தான், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் பால்மாப் பேணியில் சாய்த்து வைத்த போனைக் குனிந்தபடி பார்க்கக் கழுத்தைத் திருப்பினேன். நாரியோடு கழுத்தும் பிடித்துக்கொண்டது. ஏற்கனவே பழகிய ஆசனத்தை நினைவுபடுத்த அது போதும், புதிதாகப் பழக வேண்டாம்.

அப்புறம் பொதுநோக்கு மண்டபம். சனிக்கிழமை வெள்ளென, இருபத்தைந்து பேர். காசு குறைவு, கலகலப்பு அதிகம். பஞ்சிப்பட்டுப் படுத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரி படலையில் நின்று கூப்பிடுவாள், அந்தக் கூப்பிடல் எந்தத் தனி வகுப்பிலும் கிடைக்காது. ஆனால் மாஸ்டர் "குனியுங்கோ" என்றால் எல்லோரும் குனிய வேண்டும். பிரஷர் கூடியவருக்கும் கண் அழுத்தம் உள்ளவருக்கும் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. இருபத்தைந்து பேரில் அது யார் என்று அவர் எப்படிப் பிடிப்பார்?

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. 2009 போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெளியே தெரியாது. என் பக்கத்துப் பாய் அக்காவுக்கு முழங்காலுக்கு மேலே ஒன்று. முழங்காலை மடக்கிக் குதிக்காலில் இருக்கிற வச்சிராசனம் என்றதும் ஒன்றும் பேசாமல் சுவரோடு போய் இருந்துவிட்டார். அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

தனி வகுப்பின் பெரிய லாபம் அங்கேதான் இருக்கிறது. வந்த ரீச்சர் முதல் நாள் பாயே விரிக்கவில்லை. கதிரையில் இருந்து கிளினிக் கொப்பியைப் பார்த்தார், என்ன குளிசை, நித்திரை எப்படி என்று கேட்டார். பிறகு என் வயிற்றில் கை வைத்து, "மூச்சு உள்ளுக்குப் போகேக்க வயிறும் உள்ளுக்குப் போகுது, மாறி நடக்குது அம்மா" என்றார். எட்டு மாதம் மண்டபத்தில் மூச்சை இழுத்து விட்டும் இது எனக்குத் தெரியாது. குனியும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொன்னார். அன்றுதான் நாரியை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து குனியப் பழகினேன்.

இது புதுப் பாஷனும் இல்லை. மைசூரில் 1930களில் பையன்களுக்கு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்த யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் வருகிற ஒவ்வொருவரின் வயதுக்கும் வருத்தத்துக்கும் ஏற்றபடி தனித்தனியாகவே கற்பித்தார். அவர் மாணவர் பட்டாபி ஜோயிஸின் 'மைசூர் முறை' இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: எல்லோரும் ஒரே மண்டபத்தில், ஆனால் ஆளாளுக்கு அவரவர் வேகம், ஆசிரியர் ஒவ்வொருவராகத் திருத்துவார்.

குறையும் சொல்ல வேண்டும். மண்டபத்தின் ஒரு மாதக் காசு தனி வகுப்பில் ஒரு நாளிலேயே கரைந்துவிடும். உள்ளூருக்குப் பஸ் பிடித்து வர ரீச்சர்மாரும் லேசில் சம்மதிப்பதில்லை. அவர் வராத நாளில் என் பாயும் சுருண்டே கிடக்கும், அது என் குற்றம். தனியாக வந்தால் மட்டும் நல்ல ஆசிரியர் என்றும் இல்லை. எனக்கு முதலில் வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மண்டபத்தில் சொன்னதையே ஒப்புவித்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். முதல் நாளே வருத்தம், மருந்து பற்றி விசாரிக்காதவரை இரண்டாம் நாள் கூப்பிடாதீர்கள்.

நான் ஐந்து தனி வகுப்போடு நிறுத்தி, மண்டபத்துக்குத் திரும்பிவிட்டேன். இப்போது மாஸ்டர் குனியச் சொன்னால் என் முழங்கால் தானாக மடங்கும். அந்த அக்காவைத்தான் முதலில் டொக்டரிடம் செல் துண்டைக் காட்டிக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். காலபோக வெட்டு முடிந்ததும் ரீச்சர் என் வீட்டு விறாந்தைக்கு வருவார், அரை மணித்தியாலம் அக்காவுக்கு, அரை மணித்தியாலம் எனக்கு, காசு பாதிப்பாதி.