ஈஸ்டருக்கு வாசல் அலங்காரம் ஆர்டர் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

ஈஸ்டருக்கும் வசந்தத்துக்கும் சேர்த்து வீட்டு முன்வாசலை அலங்கரித்துத் தருகிறோம் என்று இப்போது நிறையப் பேர் ஆர்டர் எடுக்கிறார்கள். பூந்தொட்டி, கதவில் மாட்டும் ரீத், கலர் முட்டை, முயல் பொம்மை, சீரியல் லைட் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அப்படி ஆர்டர் எடுத்த ஒருவர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஆனால் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், யார் செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

நாங்கள் அழுத்திக் கேட்டது ஒன்றைத்தான்: உயிருள்ள செடி. அம்மாவுக்கு முழங்கால் வலி, தோட்டத்தில் இறங்கி நடக்க முடியாது. போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பூ இருக்க வேண்டும், ஈஸ்டர் முடிந்த பிறகும் மொட்டு ஒன்றன்பின் ஒன்றாக விரிய வேண்டும், பூத்து முடிந்ததும் கிழங்குகளை மண்ணுக்கு மாற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கிற டூலிப், டாஃபடில், ஹயசிந்த் மூன்றும் கிழங்கோடு, மண்ணில் நட்ட தொட்டியில் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டேன். "கண்டிப்பா அக்கா, எல்லாமே வேரோட இருக்கிற செடிதான். ஒரு மாசத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று பதில் வந்தது. சீசன் நேரம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் வந்து எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. படிக்கட்டின் இரு பக்கமும் பெரிய தொட்டிகள், வாய்வரைக்கும் பச்சைப் பாசி, பாசிக்கு மேலே மஞ்சளும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். இரண்டு மூன்று நாளில் டூலிப் தண்டுகள் நீண்டு வெளிச்சம் வரும் பக்கம் வளைந்தன. "பார்த்தியா, எப்படி வளருது" என்று அம்மா பூரித்துப்போனார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். டூலிப்பை வெட்டி எடுத்த பிறகும் அதன் தண்டு சில சென்டிமீட்டர் நீளும், வெளிச்சத்தை நோக்கித் திரும்பும். மற்ற பூக்களில் இப்படிச் சாதாரணமாக நடக்காது என்பதால், வளர்கிறதே, செடிதான் என்று யாரும் நம்பிவிடுவார்கள். வேலையே செய்யாமல் ஒரு வாரம் தப்பிக்க இந்தக் குணம் அவர்களுக்குப் போதும்.

பெரிய வியாழன் காலை பார்த்தால் டூலிப் எல்லாம் தலை கவிழ்ந்து தொட்டி விளிம்பில் படுத்துக் கிடந்தன. ஒன்றை நிமிர்த்தி வைக்கலாம் என்று அடியில் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை, கிழங்கு இல்லை. தண்டின் நுனி கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டு, கொழகொழவென்று பழுப்பாகியிருந்தது. பாசியை விலக்கினால் கீழே செங்கல் மாதிரி பச்சை நிற ஃப்ளோரல் ஃபோம், அதாவது மேடை அலங்காரத்தில் பூ குத்துகிற அந்த ஸ்பாஞ்ச். விரல் பட்டதும் பொடிப்பொடியாக நகத்துக்குள் ஏறியது. அதற்கும் கீழே தொட்டி முழுக்க உடைத்துப் போட்ட தெர்மாகோல். மண் ஒரு பிடி கூட இல்லை. ஒரு தொட்டி மட்டும் இப்படியோ என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாமே அப்படித்தான்.

டூலிப் அவ்வளவு சீக்கிரம் சாய்ந்ததற்கும் காரணம் உண்டு. டாஃபடிலை வெட்டினால் அதன் தண்டிலிருந்து வழவழப்பான ஒரு சாறு வடியும். அது கலந்த தண்ணீரில் மற்ற பூக்கள், முக்கியமாக டூலிப், சீக்கிரம் வாடிவிடும். அதனால்தான் பூக்கடைக்காரர்கள் புதிதாக வெட்டிய டாஃபடிலைத் தனித் தண்ணீரில் பல மணி நேரம் வைத்துச் சாற்றை வடியவிட்டு, அதன் பிறகுதான் மற்றப் பூக்களோடு சேர்ப்பார்கள். இவர்கள் அந்த நேரத்தைக் கூடச் செலவழிக்காமல், எல்லாவற்றையும் ஒரே ஃபோமில் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஃபோமும் ஒருவகை பிளாஸ்டிக்தான், மக்காது. உதிர்ந்த தூளைத் தோட்ட மண்ணிலோ எருக்குழியிலோ கொட்டாதீர்கள், குப்பையில்தான் போட வேண்டும்.

போன் செய்தேன். முதலில், "தண்ணி ஊத்துனீங்களா அக்கா?" என்ற கேள்வி வந்தது. தினமும் ஊற்றினேன். வெட்டிய பூவுக்கு எவ்வளவு ஊற்றி என்ன பயன்? ஃபோம் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது: "இந்த வருஷம் ஈஸ்டர் சீக்கிரமே வந்துடுச்சு, கிழங்குச் செடி கிடைக்கலை. லுக் கெடக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணினோம்."

இந்தச் சாக்கு என்னை மிகவும் கோபப்படுத்தியது. ஈஸ்டர் திடீரென்று வருகிற பண்டிகையா? மேற்கத்தியத் திருச்சபைகளின் கணக்கில், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அது மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது. 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28 என்று எத்தனையோ வருடங்களுக்கு முன்பே குறித்தாகிவிட்டது. டூலிப் கிழங்கு பூக்க வேண்டுமானால் ஏறக்குறைய 2 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில் 12 முதல் 16 வாரம் இருந்தாக வேண்டும். ஆகவே ஈஸ்டருக்குத் தொட்டியில் டூலிப் தருகிறவர் யாராக இருந்தாலும், அவரோ அவருக்குச் செடி கொடுக்கும் பண்ணையோ இலையுதிர் காலத்திலேயே கிழங்கை நட்டுக் குளிரில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், "இல்லை" என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் லேசான உறைபனியைத் தாங்கும் பேன்சி, வயோலா செடிகளை வைத்துக்கொண்டிருப்போம். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள், பாதிப் பகல் போர்டிகோவில்தான் கிடக்கும். அதனால் லில்லி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம் என்று தனியாக எழுதியிருந்தேன். அவர்களும் தம்ஸ் அப் போட்டிருந்தார்கள். ஆனால் சாமான் இறங்கியபோது கதவை ஒட்டி இரண்டு ஈஸ்டர் லில்லித் தொட்டிகள்! கேட்டால், "ஈஸ்டர்னா லில்லி இல்லாம எப்படி அக்கா" என்கிறார்கள். அங்கேயே நின்று வண்டியில் திரும்ப ஏற்ற வைத்தேன்.

பூனை வளர்க்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஈஸ்டர் லில்லி, ஏசியாட்டிக் லில்லி போன்ற உண்மையான லில்லிகளும், டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இலை, இதழ், தண்டு எல்லாமே விஷம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோ கூடப் போதும். ஓரிரு நாளில் நிலைமை கைமீறிவிடும். வாந்தி எடுக்கிறதா, சோர்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்த உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நாய் இருக்கிற வீட்டில் டூலிப், டாஃபடில், ஹயசிந்த் கிழங்குகளைத் தோண்டித் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவையும் விஷம்தான். முட்டைக் கூடையில் போடுகிற பிளாஸ்டிக் புல் இன்னொரு ஆபத்து. விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை போகும். எங்கள் கூடையிலும் அது இருந்தது, எடுத்துவிட்டு வைக்கோல் போட்டேன்.

லைட் விஷயத்திலும் இதே அலட்சியம். மழைச் சாரல் அடிக்கிற கைப்பிடிக் கம்பியில் சுற்றியிருந்த சரத்தின் அடாப்டரில் ஐபி20 என்று போட்டிருந்தது. ஐபி எண் என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டுவது. அதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. அங்கே பூஜ்யம் என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அர்த்தம். வெளியே மாட்டுவதற்குக் குறைந்தது ஐபி44 வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கானதாக இருக்க வேண்டும். குழந்தைகள் பிடித்து ஏறுகிற கம்பி அது. உடனே கழற்றிவிட்டேன்.

சரி, தொட்டி வந்து இறங்கும்போது எப்படிப் பார்ப்பது? வண்டி கிளம்புவதற்கு முன்னால் பாசியை ஒரு பக்கமாக விலக்குங்கள். கிழங்கைக் குளிரில் வைத்துப் பண்டிகைக்குப் பூக்க வைத்து விற்கும் தொட்டிகளில் கிழங்கை ஆழமாகப் புதைக்க மாட்டார்கள், அதன் மேல்முனை மண் மட்டத்திலேயே தெரியும். அப்படித் தெரியவில்லை என்றால் விரலை உள்ளே விடுங்கள். மண்ணா ஸ்பாஞ்சா என்று தொட்ட உடனே புரிந்துவிடும். தொட்டியைச் சாய்த்து அடியில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றியிருக்கிற பளபளப்புத் தாளை அப்படியே விட்டுவிட்டால், உண்மையான செடியாக இருந்தாலும் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். பூ முழுசாக விரிந்திருக்கும் தொட்டியை விட, மொட்டில் நிறம் லேசாகத் தெரிகிற தொட்டி நல்லது. விரிந்து வருவது இரண்டு வாரம் கூடத் தாங்காது.

"அடுத்த வருஷமும் இதே மாதிரி பூக்கும்" என்று டூலிப்பைக் காட்டிச் சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். இப்படிக் கட்டாயப்படுத்திப் பூக்க வைத்த டூலிப் கிழங்கு மறுவருடம் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். டாஃபடில் பரவாயில்லை. பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளிவிட்டு, இலை தானாக மஞ்சளாகும்வரை ஆறு வாரம் போல வெட்டாமல் விட்டால், கிழங்கு மறுபடி சத்துச் சேர்த்துக்கொள்ளும். மண்ணில் மாற்றி வைத்து ஒன்றிரண்டு வருடம் பொறுத்தால் பூக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில்லில் அவர்கள் "ஸ்ப்ரிங் அரேஞ்ச்மென்ட்" என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். இந்தச் சொல்லுக்குள் வெட்டிய பூவையும் அடக்கலாம், செடியையும் அடக்கலாம். பிறகு வாக்குவாதம் வந்தபோது அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "வேரோட இருக்கிற செடி" என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், வெட்டிய தண்டும் ஃபோமும் ஒன்றாகத் தெரிகிற படமும் இருந்ததால்தான் பாதித் தொகையாவது திரும்பி வந்தது. மீதியை இன்றுவரை தரவில்லை. ஆகவே பில்லிலேயே "கிழங்கோடு, மண்ணில்" என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் கொடுக்கலாம், முழுப் பணம் கொடுக்காதீர்கள். செடி எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள், நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

அவர்கள் இப்போதும் ஆர்டர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அலங்காரம் வைத்த அன்று காலை எடுத்த எங்கள் வாசலின் படத்தைத்தான் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள், கீழே "கிழங்குச் செடிகள்" என்று எழுதி. எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.