வீட்டுக்கே வந்த வாடகைப் பத்திரம்: 1,199 ரூபாய்க்கு ஒன்றரை ஸ்டார்

கம்பெனி பேரைப் போடப்போவதில்லை. அட்வகேட் நோட்டீஸ் வாங்கும் வயசு எனக்கு இல்லை. ஆனால் மாடி போர்ஷன் வாடகையை நம்பி மாசத்தை ஓட்டுகிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இது.

மேற்குத் தாம்பரத்தில் கீழே நான், மேலே குடித்தனம். போன ஆவணியில் புதுசாக ஒரு குடும்பம் வந்தது. வழக்கமாகப் பத்திரம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். "எதுக்கும்மா அலையறே, வீட்டுக்கே கொண்டுவந்து தருவாங்க" என்று துபாயிலிருந்தே மகன் 1,199 ரூபாயைக் கட்டிவிட்டான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். வந்த பையன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பேனாவும் அவனே எடுத்துக்கொண்டு வந்தான். கெட்டித் தாள், நோட்டரி சீல், பச்சை ஃபைல். நிச்சயப் பத்திரிகை மாதிரி அவ்வளவு லட்சணம். "ஏன்ப்பா எப்பவும் பதினொரு மாசம்?" என்று கேட்டேன். "வருஷம் தாண்டினா வீடு அவங்களுக்குப் போயிடும் ஆன்ட்டி" என்றான். முப்பது வருஷம் மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவள் நான். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு அப்படியே கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு.

தை மாச வாடகை வரவில்லை. மாசியும் வரவில்லை. மாசம் 14,000. முன்பெல்லாம் பத்து மாச அட்வான்ஸ் வாங்குவோம். தனியாகப் பேசி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாச வாடகைக்கு மேல் கூடாது என்று இப்போது சட்டம். அதனால் கையில் 42,000தான். "மோட்டாரை நிறுத்திடு அக்கா, தானா காலி பண்ணுவாங்க" என்று என் தம்பி யோசனை சொன்னான். அப்படிச் செய்ய மனசு வரவில்லை. பச்சை ஃபைலைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போனேன்.

அவர் பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டார். வழக்கு வந்தால் பெங்களூரு கோர்ட்டில்தான் நடத்த வேண்டுமாம்! காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பெயின்ட் செலவுக்குப் பிடித்தம் என்றும் ஒரு வரி. நானும் குடித்தனக்காரரும் அப்படிப் பேசவே இல்லை. அந்த ஊருக்கு அடித்த பத்திரத்தில் பேரை மட்டும் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள். அதிலும் என் வீட்டுக்காரர் பேரில் ஒரு எழுத்து தப்பு.

பிறகு, "பதிவு நம்பர் எங்கே?" என்றார். நோட்டரி சீலைக் காட்டினேன்.

"இது நோட்டரிம்மா. நான் கேக்கறது ரென்ட் அத்தாரிட்டி நம்பர்."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகரப் பகுதியில் குடிவைத்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை ரென்ட் அத்தாரிட்டியிடம், அதாவது வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அதிகாரியிடம், பதிய வேண்டும். பதினொரு மாசம் என்றாலும் தப்ப முடியாது. அந்தப் பதினொரு மாச வழக்கமே 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தால் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் ஆபீஸில் பதியணும், அந்தச் செலவை மிச்சம் பிடிக்க ஜனங்கள் கண்டுபிடித்த வழி. வீடு கைமாறிப் போய்விடும் என்பதெல்லாம் வெறும் புரளி. இரண்டு மாச பாக்கி இருந்தால் நோட்டீஸ் விடலாம். கிடைத்த ஒரு மாசத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டத்திலேயே வழி இருக்கிறதாம். ஆனால் பதியாத பேப்பரை நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்றார்.

மோட்டார் விஷயத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "தண்ணி, கரன்ட்ல கை வெச்சீங்கன்னா கேஸ் உங்க மேலதான் வரும். பாக்கி வெச்சவருக்கும் அந்த உரிமை உண்டு." நல்லவேளை, தம்பி பேச்சைக் கேட்கவில்லை.

நோட்டீஸுக்கு 2,000 வாங்கினார். அது போய்ச் சேர்ந்து இருபது நாளில் மாடியிலிருந்து குடித்தனக்காரர் இறங்கி வந்தார். வேலை போய், இப்போதுதான் வேறு வேலை கிடைத்திருக்கிறதாம். கண்ணைப் பார்க்காமல் சொன்னார். இரண்டு மாசப் பணத்தையும் கட்டிவிட்டார். நான் வட்டி கேட்கவில்லை. உடனே இரண்டு பேருமாக வக்கீலிடம் போய்த் தமிழிலேயே புதுப் பத்திரம் எழுதினோம். போட்டோ, ஆதார் எல்லாம் ஏற்றி ஆன்லைனில் பதிந்து, நம்பரும் வந்துவிட்டது. அந்த நம்பரைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பதிவு எங்க பேக்கேஜ்ல வராது மேடம்" என்றது ஒரு பெண் குரல். அதைப் பணம் கட்டும் இடத்திலேயே பெரிசாகப் போட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? ஒரு ஸ்டார் நேரம் தவறாததற்கு. அரை ஸ்டார் செருப்பைக் கழற்றிய பையனுக்கு. நேற்றுக்கூட மெசேஜ் வந்தது: ரின்யூவலுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம். அதிலும் என் வீட்டுக்காரர் பேரில் அதே எழுத்து தப்பு.