கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு நுரையீரல் பரிசோதனைக் கூடம்

தென்னை நார் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்த என் தந்தையாருக்கு மூச்சிரைப்பு கூடியதால், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு கூடத்தில் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊத வைத்து நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனை, எடுத்தோம். இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும். இதற்கோ நோயாளி மூச்சை முழுதாக உள்ளிழுத்து, ஒரே மூச்சில் வேகமாக வெளியேற்றி, இனிக் காற்றில்லை என்னும்வரை ஊத வேண்டும். ஆகவே கருவியின் விலையைவிட, அருகில் நின்று ஊத வைப்பவரின் பொறுமையே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த வகையில் இங்குள்ள டெக்னீஷியன் அம்மையாரை மனமாரப் பாராட்டுகிறேன். ஒருவர் ஊத வேண்டிய காற்றின் எதிர்பார்க்கும் அளவு வயது, பாலினம், உயரம் ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடப்படுவதால், செருப்பைக் கழற்றச் சொல்லி உயரத்தை அவரே அளந்தார். மூக்கில் கிளிப் மாட்டி, புதிய வாய்க்குழாயைப் பிரித்துக் கொடுத்து, "நல்லா இழுங்க ஐயா, இப்ப ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று தமிழிலேயே குரல் கொடுத்தார். முதல் முறை அப்பா இருமிவிட்டார். அடுத்ததில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவ்விரண்டையும் தள்ளிவிட்டு, இடையிடையே ஓய்வு கொடுத்து, குறையில்லாத மூன்று ஊதல்கள் கிடைத்து, அவற்றில் சிறந்த இரண்டுக்கும் வேறுபாடு 150 மில்லிக்குள் வந்த பிறகே அவர் முடித்தார்.

பின்னர் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சல்பூட்டமால் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மீண்டும் ஊதச் சொன்னார்கள். இந்த இரண்டாம் சுற்றை எவரும் தவிர்க்கக் கூடாது. மருந்துக்குப் பிறகும் முதல் நொடியில் வெளியேறும் காற்று, முழு ஊதலில் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நாள்பட்ட மூச்சடைப்பு நோயை எண்ண வேண்டும். மருந்துக்கு முன்பிருந்ததைவிட ஊதும் அளவு நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவுக்கு இடமுண்டு.

குறை ஒன்று உண்டு, அதுவும் சிறியதன்று. பரிசோதனைக்கு முன் சில மணி நேரம் இன்ஹேலர் எடுக்கக் கூடாது என்பதைத் தொலைபேசியில் நேரம் குறித்தபோது சொல்லவேயில்லை. அன்று காலை அப்பா இன்ஹேலர் எடுத்திருந்ததால், திரும்பிப் போய் வேறொரு நாள் வர நேர்ந்தது. சுவரில் ஒட்டியிருந்த குறிப்போ மலையாளத்தில் மட்டுமே இருந்தது. தமிழர் இவ்வளவு பேர் வந்துபோகும் இடத்தில் அருகிலேயே தமிழிலும் ஒரு தாள் ஒட்டுவது பெரிய செலவில்லை.

முடிவுத் தாளில் எண்களோடு வரைபடமும் தருகிறார்கள். மருத்துவர் அதைத்தான் முதலில் பார்த்தார். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ. பரிசோதனை இங்கு இல்லை. அது எழுதப்பட்டிருந்தால் கோயம்புத்தூரில் விசாரித்துக்கொள்ளலாம்.