குளிர்கால விதைப்புக்குப் பால் கேன்: ஒரு மதிப்பீடு

கடுங்குளிரிலேயே வீட்டுக்கு வெளியே, மூடிய கலன்களில் விதை போட்டு வைக்கும் முறையை அமெரிக்காவில் பரவலாக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ட்ரூடி டேவிடாஃப். நியூஜெர்சியில் உள்ள எங்கள் தோட்டத்தில் பிளாஸ்டிக் பால் கேன், கடையில் சாலட் கீரை வரும் பிளாஸ்டிக் பெட்டி (சாலட் பெட்டி), இரண்டு லிட்டர் சோடா பாட்டில் ஆகிய மூன்றிலும் விதைத்துப் பார்த்ததில், ஒரு கேலன், அதாவது 3.78 லிட்டர், பால் கேனையே தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

அடியிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் சுற்றிலும் வெட்டி, கைப்பிடிப் பக்கம் மட்டும் சிறிது வெட்டாமல் விட்டால், மேற்பகுதி கீல் வைத்த மூடி போலத் திறந்து மூடும். அடியில் துளையிட்டு, ஈரமான தொட்டி மண்ணை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் நிரப்பி, விதைத்து, வெட்டிய இடத்தை டக்ட் டேப்பால் ஒட்டி, திருகு மூடியைக் கழற்றிவிட்டு முற்றத்தில் வைத்துவிடலாம். அந்தச் சிறு வாய் வழியே பனியும் மழையும் இறங்கி மண்ணை நனைக்கின்றன. வெயிலேறும் நாளில் உள்வெப்பமும் அதன் வழியே வெளியேறுகிறது. கேனின் மங்கலான வெண்சுவர் வெளிச்சத்தைப் பரப்பித் தருவதால் இளநாற்று கருகுவதில்லை. சாலட் பெட்டியில் இந்த ஆழம் கிடையாது. மார்ச் மாத வெயிலில் அதன் மண் மிக விரைவாகக் காய்ந்துவிடுகிறது. சோடா பாட்டில் பரவாயில்லை, ஆனால் இடம் குறுகல்.

மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்டு வளரும் மில்க்வீட் செடி, எக்கினேசியா என்ற பூச்செடி போன்றவற்றின் விதைகள் ஈரக் குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் நன்றாக முளைக்கும். குளிர்பதனப் பெட்டியில் செய்ய வேண்டிய அந்த வேலையைக் காலநிலையே செய்து தருவதுதான் இம்முறையின் பெருஞ்சிறப்பு. கேல் கீரை, பசலை (ஸ்பினாச்), லெட்யூஸ் ஆகியவையும் நன்றாக வருகின்றன. வெளிக்காற்றிலேயே வளர்வதால் நாற்றுகள் தண்டு தடித்து நிற்கின்றன; அவற்றை வெயிலுக்குப் பழக்கவென்று நாள்தோறும் வெளியே எடுத்து வைக்கும் தொல்லையும் இல்லை.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் மட்டும் இதை நம்ப வேண்டாம். வெதுவெதுப்பான மண் கேட்கும் அவற்றை வீட்டுக்குள் முளைக்க வைப்பதே நல்லது.

பேனா எழுத்து வெயிலில் மங்கிவிடும் என்பதால், விதையின் பெயரைப் பென்சிலால் சீட்டில் எழுதி மண்ணுக்குள்ளும் ஒன்று புதைத்து வையுங்கள். ஏப்ரலில் வெயில் ஏறும் பகல்களில் மேற்பகுதியைத் திறந்து வைத்து, இரவில் மூடிவிட வேண்டும். வெயிலில் கிடந்த கேன் நாளடைவில் நொறுங்கத் தொடங்கும். அதை மறுசுழற்சிக்குப் போட்டுவிட்டு, அடுத்த டிசம்பருக்குப் புதிய கேன்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.