பத்து வருடத்தில் மூன்று பவர் விண்டோ ரிப்பேர்: காசு எங்கே போனது?

என் கார் வாங்கிப் பத்து வருடம் முடிந்துவிட்டது. இன்ஜின், கியர் பக்கம் பெரிய தொந்தரவு வந்ததில்லை. கதவுக் கண்ணாடிக்காக மட்டும் மூன்று முறை அலைந்திருக்கிறேன். மூன்று முறையும் "பவர் விண்டோ வேலை செய்யவில்லை" என்றுதான் போய் நின்றேன். ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் பழுது 5ஆம் வருடம் வந்தது. டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கும்போது கதவுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி அப்படியே உள்ளே விழுந்துவிட்டது. ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் ஓடுவது நன்றாகக் கேட்டது, கண்ணாடிதான் மேலே வரவில்லை. மெக்கானிக் கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பை ரெகுலேட்டர் என்பார்கள். என் காரில் இருப்பது கேபிள் வகை: மெல்லிய எஃகுக் கம்பி, அது ஓட மேலும் கீழும் பிளாஸ்டிக் உருளைகள், கம்பியைச் சுற்றி இழுக்க ஒரு டிரம். கம்பி அறுந்து, அதன் இழைகள் பிரிந்து டிரம்மில் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி சுற்றிக் கிடந்தன. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் "செட்டாகத்தான் வரும்" என்றார்கள். நானும் சரி என்று மோட்டாரோடு சேர்த்தே வாங்கிவிட்டேன். பல மாடல்களுக்கு ரெகுலேட்டர் தனியாகவே கிடைக்கும், பழைய மோட்டாரைக் கழற்றி அதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "மோட்டார் ஓடுகிறதே, அது எதற்கு?" என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

7ஆம் வருடம் முன்பக்க இடது கண்ணாடி நின்றது. இந்த முறை சத்தமே இல்லை. போன இடத்தில் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "அந்தக் கதவு ஸ்விட்சிலும் வேலை செய்யவில்லையா, டிரைவர் பக்க ஸ்விட்சிலும் இல்லையா?" இரண்டிலும் இல்லை என்றேன். ஸ்விட்சை அழுத்தும்போது உள்விளக்கு லேசாக மங்குகிறதா என்று பார்த்தார். மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஏதோ இறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். மங்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பிறகு என்னை ஸ்விட்சை விடாமல் அழுத்தச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகத் திறந்து மூடினார். கதவு பாதி திறந்திருந்த ஓர் இடத்தில் கண்ணாடி வெடுக்கென்று அரை அங்குலம் நகர்ந்தது!

கீல் பக்கம் கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவை மடிந்து நிமிர்கின்றன. உள்ளே ஒரு ஒயரின் மேலுறை வெடித்து, தாமிரம் பச்சை பூத்து அறுந்திருந்தது. புதுத் துண்டு ஒயர் சேர்த்து, பற்றவைத்து, உறை போட்டுக் கொடுத்தார். கூலி மட்டும்தான் செலவு. புது மோட்டார் வாங்கிப் போட்டிருந்தாலும் அந்தக் கண்ணாடி அசைந்திருக்காது.

மூன்றாவது போன வருடம். பின் கண்ணாடி ஒன்று ஏறும்போது திணறியது. இரண்டு மூன்று முறை அழுத்தினால் அடியோடு நின்றுவிடும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். அளவுக்கு மீறிச் சூடானால் தானாக நின்றுகொள்ளும் பாதுகாப்பு மோட்டாரிலேயே இருக்கிறது. உண்மையான பழுது கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில்தான். தூசி அடைந்து, காய்ந்து, கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தேன், சரியாகிவிட்டது. கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தயவுசெய்து போடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். கதவுக்குள் எந்த வேலை என்றாலும் டோர் பேடைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதே கதவில் ஸ்பீக்கர், லாக் என்று வேறு வேலை இருந்தால் சேர்த்தே முடித்துவிடுங்கள். பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். முதல் ரிப்பேரில் அதைத் திரும்ப ஒட்டாமல் மூடிவிட்டார்கள். அடுத்த மழையில் கால்மிதி முழுக்கத் தண்ணீர். இப்போதெல்லாம் பேடை மாட்டுவதற்கு முன் நானே எட்டிப் பார்த்துவிடுகிறேன். பேட்டரி மாற்றிய பிறகு ஒரே அழுத்தில் ஏறும் வசதி நின்றுவிட்டால் அது பழுதே இல்லை. பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி, ஸ்விட்சைச் சில வினாடி பிடித்திருந்தால் பழையபடி ஆகிவிடும். உங்கள் காருக்கு எப்படி என்பது கையேட்டில் இருக்கும்.

ரெகுலேட்டரை மட்டும் நான் ஒரிஜினலாகத்தான் வாங்குவேன். விலை குறைந்ததைப் போட்டு உருளை உடைந்தால் கூலி இரண்டு முறை போகும். ஸ்விட்சுக்கு அந்தக் கவலை இல்லை, உள்ளே சுத்தம் செய்தாலே பலமுறை சரியாகிவிடும்.

முதல் ரிப்பேரில் கழற்றிய மோட்டாரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். போன மாதம் 12 வோல்ட் பேட்டரியில் ஒயரை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சுற்றியது, ஒயரை மாற்றி வைத்ததும் மறுபக்கம் சுற்றியது.