8,400 வெள்ளி போச்சு: பட்டறையை ‘லாஃப்ட்’னு சொல்லி வாடகைக்கு விடறாங்க, ஜாக்கிரதை

8,400 வெள்ளி, மலேசிய ரிங்கிட். ரெண்டு மாச வாடகை டெபாசிட் 4,800, தண்ணி கரண்டு டெபாசிட் அரை மாச வாடகை 1,200, முதல் மாச வாடகை 2,400. மூணு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன், ஒரு காசு திரும்பி வரல.

வாடகை வீடு தேடுற ஒரு செயலியில வந்த விளம்பரம். கோலாலம்பூர்ல சான் சோவ் லின் பக்கம், எல்ஆர்டி, எம்ஆர்டி ரெண்டு ரயிலுக்கும் நடந்தே போகலாம். பழைய பட்டறை, செங்கல் சுவர், 18 அடி உயரம், நடுவுல இரும்புச் சட்டம் அடிச்சு பிளைவுட் போட்ட மாடி. ‘1,400 சதுர அடி, குடியேறத் தயார்.’ அந்த வாடகைக்கு அவ்வளவு இடம் பங்சார் மாதிரி வசதியான பகுதியில கிடைக்குமா?

ஏஜண்டு தமிழ்ப் பையன். சாயந்தரம், நல்ல மழை, எல்லா விளக்கையும் போட்டு வச்சிருந்தான். “இது இண்டஸ்ட்ரி டைட்டிலா தம்பி, தொழிற்சாலை நிலமா?”ன்னு கேட்கத்தான் செஞ்சேன். “அண்ணே, பக்கத்து லாட்டுல மூணு குடும்பம் இருக்கு. நம்ம ஆளுக்கிட்ட நான் பொய் சொல்வேனா?”ன்னான். கழுத்துல தொங்கின ஏஜண்டு அட்டையைத் தூக்கிக் காட்டினான். அட்டையைப் பார்த்தேன், அதுல இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணல. ராத்திரியே யாரோ ஒரு தனி ஆள் பேர்ல இருந்த கணக்குக்கு 8,400 வெள்ளி போயிடுச்சு. நான் ஒயரிங் வேலை செய்யறவன். ஃபியூஸ், பிரேக்கர் இருக்கற டிபி பாக்ஸைக்கூடத் திறந்து பார்க்கல, அதான் வயிறு எரியுது.

சாவி வந்த பிறகு திறந்தேன். கரண்டு கம்பெனி டிஎன்பியோட மீட்டர் முன்னால இருக்கற கார் பட்டறையோடது. அதுலேர்ந்து ஒரு ஃபேஸ் மட்டும் இழுத்து, ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 80 சென் வாங்கறாங்க. குளியலறையில 3.6 கிலோவாட் ஹீட்டர். 230 வோல்ட்டுல அது கிட்டத்தட்ட 16 ஆம்ப் இழுக்கும், 4 சதுர மில்லிமீட்டர் கேபிள்ல தனி லைன் போடணும். இங்க விளக்குக்குப் போடற 1.5 கேபிள்லயே, விளக்கு லைனோட சேர்த்துக் கட்டியிருந்தான். ஹீட்டருக்கு 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம், கரண்டு கசிஞ்சா உடனே வெட்டி விடற சுவிட்ச் அது. இங்க மொத்த இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 100 மில்லிஆம்ப். அது ஷாக் அடிச்சா ஆளைக் காப்பாத்தாது. பச்சை மஞ்சள் எர்த் வயரை வெட்டி டேப் சுத்தி வச்சிருந்தாங்க. குளிக்கப் போறவன் உயிரோட விளையாட்டு.

அப்புறம் டேப் எடுத்து அளந்தேன். கட்டட விதிப்படி ஹால், படுக்கை அறைக்கெல்லாம் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. மாடியில 2.1 தான் இருந்தது. ஜன்னல் பரப்பு தரைப் பரப்புல 10 விழுக்காடு இருக்கணும், அதுல காத்து போக வரத் திறக்கற பகுதி 5 விழுக்காடாவது வேணும். 180 சதுர அடி அறைன்னா 18 சதுர அடி ஜன்னல். மாடியில இருந்தது திறக்கவே முடியாத ஒரு கண்ணாடி. மேல வெறும் ஜிங்க் கூரை, அடியில பஞ்சோ ஃபாயிலோ எதுவும் இல்ல. மத்தியானம் மேல ஏறினா அடுப்பு, மழை பேஞ்சா பக்கத்துல நிக்கறவன் பேசறது கேட்காது. ஒரே வழி மோட்டார் ரோலர் ஷட்டர். கரண்டு போனா சங்கிலி இழுத்துத்தான் திறக்கணும், அந்தச் சங்கிலியும் அறுந்து கிடந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தாண்ட ஸ்ப்ரே பெயிண்ட் கடை, தின்னர் டிரம் அடுக்கி வச்சிருக்கான். ராத்திரி அங்க தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடறது?

இதெல்லாம் பணம் போட்டுச் சரி பண்ணலாம்னு வைங்க. நிலத்தைச் சரி பண்ண முடியாது. தேசிய நிலச் சட்டத்துல நிலத்துக்கு மூணு வகைதான்: விவசாயம், கட்டடம், தொழில்துறை. பட்டாவுல மலாய்ல ‘பெருசாஹான்’னு இருந்தா அது தொழிற்சாலை, பட்டறைக்குத்தான், அங்க குடியிருக்கறது நிபந்தனை மீறல். உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்தா வாடகைக்காரன் சட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய வரணும். பங்சார் ஏபிடபிள்யூ, பினாங்கு ஹின் பஸ் டிப்போ மாதிரி புதுப்பிச்ச பழைய கட்டடங்களோட படத்தைப் பார்த்து ஆசை வரும். அங்கெல்லாம் காபி குடிக்கறாங்க, கண்காட்சி வைக்கறாங்க, யாரும் பாய் விரிச்சுப் படுக்கறதில்ல.

ஒப்பந்தம் ஒரு வாரம் கழிச்சு வந்தது. பயன்பாடு: ‘ஸ்டோர்’. வீடுங்கற வார்த்தையே இல்ல, முத்திரையும் இல்ல.

உடனே ஏஜண்டுக்குப் போன் போட்டேன். “அண்ணே, நாளைக்கு ஆள் அனுப்பறேன்.” ரெண்டு நாள் கழிச்சு, “ஓனர் சிங்கப்பூர்ல இருக்காரு, வந்ததும் பேசிக்கலாம்.” அப்புறம், “அக்ரிமெண்டுல ஸ்டோர்னுதானே இருக்கு, நீங்க ஏன் படுக்கப் பார்த்தீங்க?” அதுக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும். இப்போ அதுவும் இல்ல. செயலிக்கு எழுதினா, பயனர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பல்லன்னு ஒரே பதில் மூணு தடவை வந்தது. உண்மையான உரிமையாளரைத் தேடிப் பிடிச்சேன், அவர் சிங்கப்பூர் போனதே இல்லையாம். அவர் இடத்தை வேற ஒருத்தருக்கு ஸ்டோருக்கு விட்டிருக்காரு, என் 8,400 வெள்ளியை அவர் கண்ணாலகூடப் பார்க்கல. போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு.

என்னென்ன பார்க்கணும்னு வரிசையா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல இவ்வளவுதான் வருது. நில அலுவலகத்துல கட்டணம் கட்டித் தேடல் போடுங்க, ‘காத்தகோரி கெகுனாஆன்’ (நிலப் பயன்பாட்டு வகை) வரியைப் படிங்க. கட்டடம் முடிஞ்சதுக்கான சான்றிதழ், சிசிசி, எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுத்ததுன்னு கேளுங்க. ஏஜண்டோட பதிவு எண்ணை, ஆர்இஎன் நம்பரை, சரிபாருங்க, தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீங்க, அனுப்பறதுக்கு முன்னால கணக்கு நம்பரை போலீஸோட செமாக் மியூல் தளத்துல தட்டிப் பாருங்க. ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள்ள முத்திரை வரி கட்டி முத்திரை வாங்குங்க, முத்திரை இல்லாட்டி கோர்ட்டுல அதைச் சாட்சியமா எடுத்துக்க மாட்டாங்க. மோசடின்னு தெரிஞ்ச நிமிஷமே மோசடிப் புகார் மையத்தோட 997 நம்பருக்கு அடிங்க, நான் மூணு வாரம் கழிச்சு அடிச்சேன்.

அந்த விளம்பரம் இன்னிக்குக் காலையிலயும் ஓடுது. அதே படம், எல்லா விளக்கும் எரியுது. வாடகை மட்டும் 2,300 ஆயிருக்கு.