கலரோடு வரும் பம்பர், கறுப்பாக வரும் கதவு

மாசி வீதிகளில் ஷேர் ஆட்டோ உரசி பம்பர் முனை போவது மதுரைக் கார்களுக்குப் புதிதல்ல. பைக்குக்கு ஸ்பேர் வாங்கினால் டேங்க், சைடு பேனல் எல்லாம் நிறத்தோடும் ஸ்டிக்கரோடும் பெட்டியில் வந்துவிடுகின்றன. கார் கதவு மட்டும் ஏன் கறுப்பாகவே வருகிறது?

அந்தக் கறுப்பின் பெயர் இ-கோட். தகட்டைப் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, 160 டிகிரிக்கு மேல் சூடேற்றிய அடிப்பூச்சு. துருவுக்கு அதைவிட நல்ல காப்பு பட்டறையில் கிடையாது. அதைச் சுரண்டி எடுக்கும் பெயின்டரிடம் வண்டியை விடாதீர்கள். 400 நம்பர் எமரி தாளில் லேசாகத் தேய்த்து பிரைமர் அடித்தால் போதும். தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் நிறம் கரைந்து வருகிறதா? அது வழியில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த வெறும் பார்சல் பிரைமர், இ-கோட் அல்ல.

கம்பெனியில் மேல்பூச்சை 140 டிகிரி வாக்கில் சுடுகிறார்கள். பட்டறையில் பெயின்ட் அடித்துச் சுடும் அறையான பூத்தில் வயர், பிளாஸ்டிக் எல்லாம் வண்டியிலேயே இருப்பதால் 60 டிகிரியோடு நிறுத்த வேண்டும். மீதி வேலையை, பெயின்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் பார்க்கிறது. தகர ஷெட்டில் அந்த 60-ம் கிடையாது. அங்கே அடித்து நான்கைந்து சித்திரை வெயில் கண்ட வண்டிகளில் முதலில் உரிவது பானட், கூரையின் கிளியர் எனும் நிறமில்லாத மேல்பூச்சுதான். மெல்லிசாக அடித்ததும், ஹார்டனரைக் கண் அளவில் ஊற்றியதும் காரணம். அடுத்தது கொப்புளம். போர் தண்ணீரில் எமரி தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் உப்பு பூச்சுக்கு அடியில் தங்கி, மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் தினமும் வடிக்காத பட்டறையிலும் இதே கதைதான். இந்த வகையில் கம்பெனி பெயின்ட் அசைக்க முடியாத அளவு மேல்.

அப்படியானால் கதவையும் கலரோடு விற்கலாமே என்றால், இடிப்பது ஷேடு. ஐந்து வருடம் வெயிலில் நின்ற சில்வர் வண்டியில் புதுக் கதவு, கம்பெனி தரும் கலர் கோட் எண் ஒன்றாகவே இருந்தாலும், தனியாகத் தெரியும். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் படுத்திருக்கும் விதம் மாறினாலே நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் இன்னொரு நிறம். நல்ல பெயின்டர் நிறத்தை அந்த வண்டிக்கே கலந்து, அட்டையில் அடித்து வெயிலில் ஒட்டிப் பார்த்து, பக்கத்துப் பேனல் வரை மெல்ல இழுத்து, அதன் மேல் முழுதாக கிளியர் போடுவார். கலரோடு வந்த கதவுக்கும் முன்னால் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), பின்னால் கதவு என இரண்டிலும் இழுக்கத்தான் வேண்டும். மிச்சம் எங்கே? மேலும் கதவை ஒருமுறை மாட்டி இடைவெளி பார்த்துக் கழற்றிய பிறகு பெயின்ட் அடிப்பதே முறை. அடித்த பெயின்டோடு தட்டி நேராக்க முடியாது. பின் சக்கரத்துக்கு மேல் வெல்டிங் செய்து ஒட்டும் குவார்ட்டர் பேனலில் பெயின்ட் கருகியே போகும்.

பம்பர் வேறு சாதி. அதன் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் பிரத்யேக ஒட்டுப்பூச்சு இல்லாமல் அடித்த பெயின்ட் அப்பளம் போல உரியும். உள்ளூரில் அதிகம் தவறுவது இங்கேதான். புது வண்டியிலேயே பம்பர் நிறம் தகட்டோடு நூற்றுக்கு நூறு சேராது, வளைவும் இடைவெளியும் மறைத்துவிடும். ஆகவே பம்பர், பக்கக் கண்ணாடியின் மூடி, கைப்பிடி மூன்றையும் கலரோடு விற்கட்டும். கதவும் பானட்டும் சாதா வெள்ளையிலோ, வாங்கிய முதல் வருடத்திலோ மட்டும்.

இன்சூரன்ஸில் ஒரு கண்ணி உண்டு. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50%. பெயின்டிங்கை மொத்த பில்லாகப் போட்டால் அதில் 25% மட்டுமே பொருள் என்று கணக்கிட்டு, அதற்குத்தான் 50% பிடிப்பார்கள். பெயின்டிங் பில் மொத்தம் ₹4,000 என்று வைத்தால் உங்கள் கையிலிருந்து போவது ₹500. அதே ₹4,000 பம்பர் விலைக்குள் சேர்ந்து வந்தால் ₹2,000. தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் பாலிசி இருந்தால் இந்தக் கவலை இல்லை.

பார்சலில் வந்த பம்பரை கடை வாசலிலேயே பிரித்து, வெயிலில் நான்கு முனையையும் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் மெஷின் பாலிஷான பஃபிங்கில் போகாது. அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.